ஐந்தாவது ஆள்

ஐப்பசி பிறந்துவிட்டால் மலைமேல் இருக்கும் நெல்லிவாசல் நாட்டில் வானத்தைப் பார்க்காமல் யாரும் வாய் திறப்பதில்லை. சாமை முற்றி நின்றது. வெயில் கூடினால் மணி உதிரும், மழை பிடித்துக்கொண்டால் கதிரிலேயே முளைத்துவிடும். எல்லார் நிலமும் ஒரே சமயத்தில் முற்றித் தொலைப்பதுதான் பெரிய தொல்லை. ஒரு வீட்டுக்கு ஒரு வாரம் தள்ளிப் பழுத்தால் மலையில் பாதிச் சண்டை இருக்காது.

பஞ்சாட்சரத்தின் வீட்டில் அந்த வருஷம் அறுக்கக் கை இல்லை. பங்குனியில் புளி உலுக்க ஏறியவர் கிளையோடு கீழே வந்து சேர்ந்தார். வேலூரில் காலுக்குள் கம்பி வைத்து அனுப்பினார்கள். அதிலிருந்து வாசல் கல்லில் உட்கார்ந்துகொண்டு, போகிறவர் வருகிறவரிடம் மழை எப்போது வரும் என்று கேட்பதே அவர் பிழைப்பாகிவிட்டது. மூத்த மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. மிச்சம் இருந்தது மனைவி கெங்கம்மாளும், பத்தாவது படிக்கும் ஈஸ்வரியும்தான். அந்த ஈஸ்வரியும் முழுசாக அவர்களுக்கு இல்லை. பாதி ஈஸ்வரியைப் பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் பிலிப்ராஜ் பிடித்து வைத்திருந்தார்.

பிலிப்ராஜ் கண்ணமங்கலத்துக்காரர். மலைமேல் இருந்த மிஷன் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்தபோது, இரண்டு வருஷத்தில் கீழே ஓடிவிடலாம் என்றுதான் வந்தார். பிறகு ஒரு நாள் சந்தையில் ஷேர் ஜீப் கூரையிலிருந்து டிரைவர் மூட்டை முடிச்சுகளை வீசிக்கொண்டிருந்தார். கீழே நின்ற ஒல்லிப் பெண் ஒருத்தி, பையைப் பார்க்காமல் டிரைவரின் கையைப் பார்த்து, பை வரும் இடத்துக்கு முன்னாலேயே போய் நின்று ஒவ்வொன்றாக ஏந்தினாள். ஏழாம் வகுப்பு ஈஸ்வரி. அன்றைக்கு மாற்றல் மனுவைக் கிழித்துப் போட்டார். இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி அவர் சம்சாரம் திட்டுகிறாள்.

மூன்று வருஷமாக அவர் கட்டியது ஒரு டீம்தான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வெடித்துப்போன சிமென்டுத் தரை, ஒரு பக்கம் சாய்ந்த வளையம், அதில்தான் கூடைப்பந்து. நல்லா ஆடுற அஞ்சு பேரைச் சேர்த்தா டீம் ஆயிடாது என்பார். ஒருத்தி ஆடணும், நாலு பேர் அவள ஆட வுடணும். கலசப்பாக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஜெனிலா குள்ளம், ஆனால் பந்தைப் பறிகொடுக்காமல் தட்டிக்கொண்டு வருவாள். அவளுக்கு அந்த வேலை. ஜெப்சி எகிறி எகிறித் தவறின பந்தைப் பிடுங்குவாள். தமிழரசி ஓடுவாள். எல்லாரும் கடைசியில் ஈஸ்வரியிடம் கொடுத்துவிட வேண்டும். ஈஸ்வரி எறிந்தால் விழும்.

ஐந்தாவது ஆள்தான் வெகு நாள் அமையவில்லை. கடைசியில் கீதாஞ்சலியைக் கண்டுபிடித்தார். பஞ்சாட்சரம் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, மாணிக்கம்மாளின் மகள். ஓட மாட்டாள், எறியவும் தெரியாது. ஆனால் ஒரு இடத்தில் நின்றால் நின்றதுதான். ஈஸ்வரியைத் துரத்துகிற எதிராளிக்குக் குறுக்கே போய் நில், அவள் உன்னை ஒட்டி வெளியே போய்விடுவாள் என்றார். கீதாஞ்சலி நின்றாள். எதிர் டீம் பெண்கள் அவள் மேல் மோதி மோதி விழுந்தார்கள். அவளுக்குத் தோள் எல்லாம் கன்றிப்போகும். இரண்டு வருஷத்தில் ஒரு பந்தும் அவள் வளையத்தை நோக்கி எறிந்ததில்லை. எறிய வேண்டாம் என்பது வாத்தியார் உத்தரவு.

அந்த வருஷம் டீம் திருவண்ணாமலையில் நடக்கும் மண்டல இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது. சென்னை விளையாட்டு விடுதியில் ஓர் இடம் காலியாக இருப்பதாகவும், ஆள் பார்க்கத் திருவண்ணாமலைக்கு வருவதாகவும் பிலிப்ராஜுக்குச் செய்தி வந்தது. அந்த வாரம்தான் ஈஸ்வரி பயிற்சிக்கு வருவதை நிறுத்தினாள்.

பிலிப்ராஜ் நடந்தே வீட்டுக்கு வந்தார். கெங்கம்மாள் அப்போதுதான் நிலத்திலிருந்து வந்து கேழ்வரகு மாவைக் கொதிக்கும் உலையில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னா சார், இவ்ளோ தூரம்?"

"பொண்ணு ஏம்மா வரல?"

"நெலத்தப் பாத்துட்டு வந்தீங்களா இல்லியா? அந்த மனுசன் கால நீட்டிக்கினு குந்தினுகீறாரு. நான் ஒருத்தி எவ்ளோத்த அறுப்பேன்?"

பஞ்சாட்சரம் வாசல் கல்லிலிருந்து சொன்னார்: "சாமை வூடு வந்து சேர்ந்தாத்தான் சார் அடுத்த வருசம் சோறு. பந்து அப்பறம் ஆடிக்கலாம்."

"அப்பறம்னு ஒண்ணு இல்லீங்க. இந்த ஒரு ஆட்டத்துக்குத்தான் ஆளு வர்றாங்க. பாத்துட்டாங்கன்னா, பொண்ணோட படிப்பு, சாப்பாடு எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க."

"அவ சாப்பாட்ட அவங்க பாத்துக்குவாங்க. எங்க சாப்பாட்ட?" என்றாள் கெங்கம்மாள். களிக்கோலால் கிளறுவதை அவள் நிறுத்தவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. களைத்துப்போனவள் குரலில் கோபத்துக்கு இடம் ஏது?

ஈஸ்வரி மூலையில் உட்கார்ந்து காலில் தைத்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

பிலிப்ராஜ் அன்றிரவு யோசித்து ஒரு காரியம் செய்தார். அவர் வாழ்நாளில் செய்த மிக நல்ல காரியம் என்று அதை நினைத்துக்கொண்டார். சனிக்கிழமை டீம் மொத்தத்தையும் பஞ்சாட்சரத்தின் நிலத்துக்கு இட்டுக்கொண்டு வந்து இறக்கிவிட்டார். ஜெனிலாவும் ஜெப்சியும் அறுவாளை எப்படிப் பிடிப்பது என்றே தெரியாமல் சிரித்துக்கொண்டு கிடந்தார்கள். கீதாஞ்சலியும் தமிழரசியும்தான் குனிந்தது நிமிராமல் சரிவு நெடுக அறுத்துப் போட்டார்கள். மத்தியானம் கெங்கம்மாள் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கொண்டுவந்தாள். பிள்ளைகள் கன்றிப்போன கையால் அள்ளித் தின்றன. சாயங்காலத்துக்குள் முக்கால் நிலம் அறுத்துக் கட்டுக் கட்டாகக் களத்துப் பாறைமேல் ஏறிவிட்டது. பிலிப்ராஜ் எல்லாரையும் நிற்க வைத்து போட்டோ எடுத்தார். சேவை என்று மனசுக்குள் ஒரு வார்த்தை ஓடியது. எடுத்த போட்டோவை சம்சாரத்துக்கும் அனுப்பினார்.

போட்டோ எடுக்கும்போது கெங்கம்மாள் முகம் மட்டும் வாடியிருந்ததை அவர் கவனிக்கவில்லை. மலையில் ஒரு வீட்டு ஆள் இன்னொரு வீட்டு நிலத்தில் இறங்கிவிட்டால், அந்த வீட்டார் கூப்பிடும் நாளில் இங்கிருந்து ஓர் ஆள் போய் இறங்க வேண்டும். மாத்தாள் என்று அதற்குப் பெயர். யார் கேட்டு வந்தார்கள், யார் கேட்காமல் வந்தார்கள் என்ற பேச்செல்லாம் கிடையாது. ஒருவர் இறங்கினால் ஒருவர் இறங்கியாக வேண்டும். கீழே பிறந்த பிலிப்ராஜுக்கு இது தெரியாது. நெல்லறுப்புக்குக் கூலி ஆள் வந்து பார்த்தவர் அவர்.

"ஜெனிலாவுக்கும் ஜெப்சிக்கும் மலையில நெலம் இல்ல, அவரைக்கொட்டை குடுத்தனுப்பிட்டேன்" என்று கெங்கம்மாள் அன்றிரவு புருஷனிடம் சொன்னாள். "தமிழரசி வூட்டுக்கும் கீதா வூட்டுக்கும் எப்பக் கூப்டறாங்களோ."

கூப்பிட்டார்கள். இரண்டு வீட்டாரும் ஒரே நாளில் கூப்பிட்டார்கள். கடலில் புயல் சின்னம் என்று டிவியில் சொன்னதும் மலை முழுக்க அறுவாள் தீட்டும் சத்தம்தான். மாணிக்கம்மாள் வந்து நின்றபோது, மறுநாள் காலை ஏழு மணிக்கு வேன் என்று சொல்லிவிட்டுப் போக பிலிப்ராஜும் அங்கே வந்திருந்தார். இறுதிப் போட்டி மறுநாள்.

"நாளைக்கு ஆள் அனுப்பிடு அண்ணி" என்றாள் மாணிக்கம்மாள். தாட்டியான பெண். மகள் நிற்கிற தினுசு அவளிடமிருந்து வந்ததுதான்.

"நாளைக்கு நான் தமிழரசி வூட்டுக்கு வர்றேன்னு சொல்லிட்டேனே, மாணிக்கம்."

"நீ அங்க போ. ஈஸ்வரிய எனக்கு அனுப்பு."

பிலிப்ராஜ் குறுக்கிட்டார். "ஏம்மா, நாளைக்கு மேட்ச்சு. உங்க பொண்ணும்தான் வருது."

"எம் பொண்ணு போவட்டும் சார், நான் வேணான்னு சொல்லல. அவ இங்க வந்து ஒரு நாள் அறுத்தா. அந்த ஆள எனக்குத் திருப்பணும். வூட்ல நானும் எங்க மாமனாரும் மட்டும்தான். மழ வந்துக்கினு கீது."

"நான் கூலிக்கு ஆள் வச்சித் தர்றேன். ரெண்டு ஆள் கூட வச்சித் தர்றேன்."

அவர் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. பஞ்சாட்சரம் தலை குனிந்துகொண்டார். கெங்கம்மாள் உள்ளே போய்விட்டாள்.

"கூலியா?" என்றாள் மாணிக்கம்மாள். "எம் பொண்ணு இங்க கூலிக்கா வந்தா? அவ வூட்டு ஆளா வந்தா. வூட்டு ஆள்தான் வரணும்."

"நான் அப்படிச் சொல்லலம்மா..."

"நீங்க எப்படித்தான் சொன்னீங்க? நானும் ரெண்டு தடவ மேட்ச்சு பாக்க வந்தேன் சார். எல்லாரும் பந்த வச்சிக்கினு ஓடுறாங்க, எறியறாங்க. எம் பொண்ணு மட்டும் மாடு கட்ற மொள மாதிரி நின்னுக்கினே கீறா. வர்றவ போறவ எல்லாம் அவமேல இடிச்சிட்டுப் போறாளுங்க. வூட்டுக்கு வந்து நான் எண்ண தேய்ச்சி வுடறேன். பந்து மட்டும் எப்பப் பாத்தாலும் ஈஸ்வரி கைக்கே போவுது. அது உங்க வழக்கம், நான் கேக்கல. ஆனா நெலத்துல அந்த வழக்கம் கெடையாது. இங்க மாத்து மாத்துத்தான்."

பிலிப்ராஜிடம் இதற்குப் பதில் இருந்தது. டீம் என்றால் என்ன, குறுக்கே நிற்பதும் ஓர் ஆட்டம்தான் என்றெல்லாம் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறார். 

கதவோரம் நின்ற ஈஸ்வரி சொன்னாள்: "நான் போறேன் சார். அத்த நெலத்துக்கு."

"நீ சும்மா இரு."

"அவ சொல்றதுதான் சரி சார்" என்றார் பஞ்சாட்சரம். அவருக்கு அழுகை வந்துவிட்டது. "என் கால் நல்லா இருந்தா நான் போயிருப்பேன். பொண்ண வுட்டுட்டு நான் போயிருப்பேன். நாளைக்கு எங்க நெலத்துக்கு யாரு சார் வருவா? அடுத்த வருசம் யாரு வருவா? ஒரு வாட்டி ஆள் திருப்பலன்னா அப்பறம் யாரும் எறங்க மாட்டாங்க."

 கொட்டாயில் மாடு கழுத்து மணியை ஆட்டியது கேட்டது. ஐம்பத்துமூன்று வயசு, முட்டிவலி, சர்க்கரை. இத்தனையையும் பிலிப்ராஜ் ஒரு தடவை மனசில் புரட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

"அவளுக்குப் பதிலா நான் வந்தா ஒத்துக்குவீங்களா?" என்றார்.

மாணிக்கம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க அறுப்பீங்களா சார்?"

"எங்கப்பா கண்ணமங்கலத்துல நெல்லு வச்சிருந்தவரு."

"நெல்லு வேற, இது வேற. நீங்க இந்த வூட்டு ஆளா இன்னா?"

பஞ்சாட்சரம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க வூட்டு ஆளுதான்" என்றார். "நான் சொல்றேன். சார் எங்க வூட்டு ஆளு."

மாணிக்கம்மாள் பிலிப்ராஜை மேலும் கீழும் பார்த்தாள். "விடியறதுக்குள்ள வந்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் வேன் கிளம்பும்போது பிலிப்ராஜ் சரிவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளோடு கணக்கு டீச்சர் ஜெபகுமாரி போனார். அந்த அம்மாவுக்குக் கூடைப்பந்தில் தெரிந்தது எல்லாம் கூடை ஒன்று, பந்து ஒன்று என்பதுதான். மூன்று வருஷம் கட்டிய டீம் வளைவில் திரும்பி மறைந்தது. தூசு மட்டும் மிச்சம்.

சாமை குட்டைப் பயிர். நெல்லைப்போல அள்ளிப் பிடிக்க முடியாது. முட்டி மடங்க, கிட்டத்தட்ட தவழ்ந்தபடி அறுக்க வேண்டும். சரிவில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழும். மாணிக்கம்மாளும் மாமனாரும் போய்க்கொண்டே இருந்தார்கள். பிலிப்ராஜ் பின்னால் ஒற்றையாகக் கிடந்தார். வெயில் ஏறுவதற்குள் உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. துண்டைக் கிழித்துச் சுற்றிக்கொண்டார்.

மத்தியானம் கூழ் குடிக்கும்போது மாணிக்கம்மாள் அவர் அறுத்த இடத்தைப் பார்த்தாள்.

"அரை ஆள்" என்றாள்.

"அரை ஆளா?"

"பாவம்னு சொல்றேன். கால் ஆள்தான் சொல்லணும்." ஊறுகாய் மிளகாயை அவர் பக்கம் தள்ளினாள். "குடிங்க. எம் பொண்ணு நிக்கறப்ப அவளுக்கும் இப்படித்தான் வலிக்கும்."

சிக்னல் நிலத்தின் கோடியில் இருந்த பாறைமேல் மட்டும்தான் கிடைக்கும். போன் அடித்தபோது பிலிப்ராஜ் அறுவாளைப் போட்டுவிட்டு நொண்டிக்கொண்டே ஏறினார். ஜெபகுமாரி டீச்சர் கத்தினார்.

"சார், நம்ம பிள்ளைங்க முன்னாடி போனாங்க. இப்பப் பின்னாடி இருக்காங்க!"

"எவ்ளோ பின்னாடி?"

"தெரியல சார், அந்தப் பலகைய ஒருத்தன் மறைச்சிக்கினு நிக்கிறான். இன்னும் ஒரு நிமிஷம்தானாம். ஈஸ்வரிகிட்ட ரெண்டு பேர் ஒட்டிக்கிட்டாங்க. வுடவே மாட்டேன்றாங்க."

"கீதாவக் குறுக்கே போய் நிக்கச் சொல்லுங்க! கீதா எங்க?"

"கீதா தனியா நிக்கிது சார். அத யாரும் பாத்துக்கல. வளையத்துக்குக் கீழயே நிக்கிது... ஐயோ, ஈஸ்வரி பந்த அதுகிட்ட குடுத்துட்டா!"

மாணிக்கம்மாளும் அறுப்பதை நிறுத்திவிட்டுப் பாறைக்குக் கீழே வந்து நின்றாள். போனில் ஒரு பெரிய சத்தம் எழுந்து அடங்கியது. விசில் அடித்தது.

"வுழல சார்" என்றார் டீச்சர். "வளையத்துல சுத்திச்சி. சுத்திட்டு வெளிய வந்துடிச்சி. பிள்ள அங்கயே நிக்கிறா சார், நகரவே மாட்டேன்றா."

பிலிப்ராஜ் பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். ஈஸ்வரி செய்தது சரி. எதிராளி ஒட்டாத கைக்குத்தான் கொடுத்திருக்கிறாள். அந்தக் கையைத்தான் அவர் பழக்கவில்லை. இரண்டு வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்தா எறிந்து பார் என்று பந்தை அவளிடம் கொடுத்திருந்தால் விழுந்திருக்கும். 

"இன்னா சார்?" என்றாள் மாணிக்கம்மாள்.

"தோத்துட்டாங்க. கடைசிப் பந்து கீதாகிட்ட வந்துது. வுழல."

"ஈஸ்வரியா குடுத்தா?"

"ஈஸ்வரிதான்."

"எம் பொண்ணுக்கா?" அவள் திரும்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வேர்வையாகவும் இருக்கலாம். "வாங்க சார்" என்றாள் பிறகு. "மேக்கால கறுத்துக்கினு வர்து."

மழை அன்றைக்கு ஏமாற்றிவிட்டது. ஈஸ்வரியைச் சென்னைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமைக்குள் வந்து சேர வேண்டும் என்றார்கள். மறுநாள் காலையில் இதைச் சொல்ல பிலிப்ராஜ் வந்தபோது பஞ்சாட்சரத்தின் வீடு பூட்டிக் கிடந்தது. எல்லாரும் மாணிக்கம்மாளின் நிலத்தில் இருந்தார்கள். ஈஸ்வரி குனிந்து அறுத்துக்கொண்டிருந்தாள். நொண்டிக் காலோடு பஞ்சாட்சரமும் வந்து, வரப்பில் உட்கார்ந்து கட்டுக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

"நேத்துதான் நான் அறுத்தேனே?" என்றார் பிலிப்ராஜ்.

"அரை ஆள்னு அத்த சொன்னாங்க சார்" என்றாள் ஈஸ்வரி. "மிச்சம் அரை."

கெங்கம்மாளுக்கு மகள் போவதில் பெருமையும் இருந்தது, பயமும் இருந்தது. பயம்தான் அதிகம். "அனுப்பறேன் சார். அனுப்பாம இன்னா பண்றது? ஆனா இனிமே எங்க வூட்ல நான் ஒருத்திதான் ஆள். நான் எத்தினி வூட்டுக்கு எறங்குவேன்? எனக்கு எவ எறங்குவா?"

பதில் மாணிக்கம்மாளிடமிருந்து வந்தது. நேற்று மாலையே யோசித்து வைத்திருப்பாள் போல. "அவ போவட்டும் அண்ணி. உன் வூட்டு ரெண்டாவது ஆளா கீதா எறங்குவா. அண்ணன் கால் சரியாவுற வரிக்கும்."

"உம் பொண்ணுகிட்ட கேட்டியா?"

கீதாஞ்சலி கதிர்க் கட்டு ஒன்றை இறுக்கிக்கொண்டிருந்தாள்.  தோளில் புதுசாக ஒரு கன்றல். "இன்னா கேக்கறது?" என்றாள். "நின்னு பழக்கந்தானே."

குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் பிலிப்ராஜுக்குத் தாங்கவில்லை. அவர் அவள் பக்கத்தில் போனார். இரண்டு வருஷத்தில் இவளிடம் குறுக்கே நில் என்பதைத் தவிர வேறு என்ன பேசியிருக்கிறோம் என்று யோசித்தார். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"அறுப்பு முடிஞ்சதும் கோர்ட்டுக்கு வா கீதா" என்றார். "தெனமும் வா. இனிமே நீ எறியணும். எல்லாரும் உன்கிட்ட குடுப்பாங்க."

கீதாஞ்சலி கயிற்றைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"அப்ப யாரு சார் குறுக்கே நிப்பாங்க?"

பிலிப்ராஜ் ஜெப்சி என்று சொல்ல வந்தார், தமிழரசி என்று சொல்ல வந்தார். அதற்குள் அவள் தலையில் சும்மாட்டை வைத்துக்கொண்டு, கட்டுக்குப் பக்கத்தில் குனிந்து நின்றாள்.

"கொஞ்சம் தூக்கி வுடுங்க சார்" என்றாள்.

அவர் குனிந்து இரண்டு கையாலும் தூக்கினார். கொப்புளங்கள் உடைந்தன. கட்டு அவள் தலையில் உட்கார்ந்ததும், ஒருமுறை கழுத்தைச் சரிசெய்துகொண்டு, பாறையை நோக்கி நடந்தாள்.